நாலு விரல் ஆட்டம்

"அம்மணி, சித்தெ எறங்கிக்கறீங்களா? எனக்கும் ஊட்டுல ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க."

வாகன ஆய்வாளர் இதைச் சொன்னபோது அவருடைய ஒரு கை டேஷ்போர்டையும் மறு கை சீட் பெல்ட்டையும் பிடித்திருந்தன. குரலில் கோபம் துளியும் இல்லை. கோயமுத்தூரில் ஒருவரை பெயிலாக்குவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் பெயிலாக்குவார்கள். பிரத்யுஷா டிரைவிங் ஸ்கூல் காரிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தாள். மைதானத்தில் நட்டு வைத்திருந்த எட்டுக் கூம்புகளில் ஐந்து படுத்திருந்தன. ஆறாவது, படுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை அவள் இருபது மீட்டர் ஓட்டுவதற்குள் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, "தப்பா நெனைச்சுக்காதீங்க, காலையில என்ன சாப்டீங்க?" என்று விசாரித்தார். "இட்லிங்க" என்றாள். "வேற?" என்றார். "சட்னிங்க" என்றாள். அவர் கேட்டது வேறு என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பிரத்யுஷா பிசியோதெரபி முடித்தவள். தாராபுரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சுற்றுவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், மூட்டு வலிக்காரர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் நடக்க வைக்க வேண்டும். வண்டி அவர்களே தருவார்கள், ஓட்டிக்கொள்வது இவள் பாடு. வேலையில் சேரும் நாளில் லைசென்ஸ் நகலை மேஜைமேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த அடுத்த பெயர் இவளோடு படித்த யுஸ்ரா. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. "எனக்கு தாராபுரம் வேண்டாம்டி, எங்கூட்டுல கேட்டா கெளப்பி அனுப்பிச்சுருவாங்க. தயவுபண்ணி பாஸாயிரு" என்று தினமும் காலையில் அவள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த தேர்வு மறுவாரம் வியாழக்கிழமை. சேர வேண்டிய நாள் அதற்கடுத்த திங்கள்.

வேலிக்கு வெளியே அப்பா பாலகோபால் தன் வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். அந்தக் காரைப் பழசாக வாங்கியே இருபத்தொரு வருஷமாகிவிட்டது. அவர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுடியின் கனத்தில் பாதி கூடினாலோ குறைந்தாலோ அந்தப் பாகத்தில் சிவப்பு அட்டையைக் கட்டித் தள்ளிவிடுவார். தொழிலாளிகள் அவருக்கு 'செகப்பு அட்டை' என்று பெயர் வைத்திருந்ததை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் வெர்னியர் அளவுகோல் சட்டைப் பையிலேயே இருந்தது. போன மாதம் மனைவி பங்காரம்மா சுட்ட அதிரசத்தின் தடிமன் ஓரத்துக்கு ஓரம் மாறுகிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்து, அன்று இரவு வரை சாப்பாடில்லாமல் இருந்தார்.

"உன்ர கையில கண்ட்ரோல் இல்ல அம்மணி" என்றார், வண்டியை எடுத்தபடி. வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. அறிவுரைக்கு மட்டும் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். அறிவுரை அக்கம்பக்கத்துக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. "டிரைவிங் ஸ்கூல்ல பத்து நாள்ல கத்துக்கிட்டேன்னு சொன்னே. ரெண்டு மாசம் இந்த வண்டியில நான் வேற சொல்லிக்கொடுத்திருக்கேன். அப்பறமும் கோணல்மாணலா போனா என்ன பண்றது? என்ர கையைப் பாரு."

பார்த்தாள். அவிநாசி ரோடு அளவுகோல் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராகக் கிடந்தது. அப்பாவின் கைகளோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல இடம், வலம், இடம், வலம் என்று ஆடிக்கொண்டே இருந்தன. வண்டி நேராகப் போனது. இதை அவள் நாலு வயதிலிருந்து பார்க்கிறாள். சமைப்பதென்றால் கிளறுவது, ஓட்டுவதென்றால் ஆட்டுவது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் இப்போது, பெயிலான துக்கத்தில் வேறு வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குள் இருந்த பிசியோதெரபிஸ்ட் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் ஆட்டங்கொடுத்துவிட்ட ஒருவர் நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறாள். அவர் நேராகத்தான் நடப்பார். ஆனால் இடுப்பு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து கணக்கைச் சரிசெய்துகொண்டே இருக்கும். பல வருஷமாகிவிட்டால் அவருக்கே அது தெரியாது. நடையே அப்படித்தான் என்பார். அப்பாவின் வலது தோளுக்கு இரண்டு வருஷமாக அவள் பயிற்சி கொடுக்கிறாள். வலி குறைவதாயில்லை. 'முப்பத்தொரு வருசம் பம்பைப் பொரட்டிப் பாத்த தோளு' என்று அவர் பெருமையோடு விளக்கம் சொல்வார்.

லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரத்யுஷா கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தொட்டு மெல்லத் திருப்பினாள். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டி. நிற்கும்போது கல்லுரல் மாதிரி கனக்க வேண்டும். இதுவோ தொட்டில் கயிறுபோல அசைந்தது. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல் அகலம் போன பிறகுதான் எங்கேயோ அடியில் ஏதோ ஒன்று கண் விழித்துப் பிடித்துக்கொண்டது.

"நைனா, ஸ்டீயரிங் லூசா இருக்கு."

பாலகோபால் சிரித்தார். "பெயிலானவன் மெஷினைத்தான் குத்தஞ்சொல்லுவான். முப்பத்தொரு வருஷம் இதைக் கேட்டாச்சு கண்ணு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். பங்காரம்மா புளியைக் கரைத்துக்கொண்டே, "நான் எதுக்கு இருபத்தொரு வருசமா பின் சீட்டுலயே உக்காந்து வாரேன்னு நெனைச்சே?" என்றாள். முன்னால் ஏசி காற்று ஆகாது என்றல்லவா அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பிரத்யுஷா கேட்டாள். "அந்த வண்டியில ஏசி எப்ப ஓடுச்சு?" என்றாள் பங்காரம்மா.

சனிக்கிழமை பாலகோபால் பழைய கம்பெனி நண்பர்களோடு அவர்கள் வண்டியில் உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் பிரத்யுஷா மெக்கானிக் மாசாணத்துக்கு போன் செய்தாள். அவர் மொபெட்டில் வந்து, காரைத் தானே ஓட்டிக்கொண்டு தன் பட்டறைக்குப் போனார். பக்கத்தில் இவள். ஐம்பது வயது மனிதர் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் முழுக்க வாய் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பட்டறையில் நிறுத்தி இறங்கிய பிறகுதான், "மாசாணியாத்தாளை நெனைச்சுக்கிட்டே வந்தனுங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாங்ணா?"

"வண்டி என்ர பட்டறைக்கு வந்த நாள்ல இருந்து, ஆறு வருசமா தெரியுமுங்க."

"ஆறு வருசமா! சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

மாசாணம் கையைத் துணியில் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாத கை. "எப்படிங்க சொல்றது? ஒவ்வொரு தடவை வர்றப்பவும் நம்ம பாலகோபால் அண்ணா சாவியைக் குடுத்துப்போட்டு, 'மாசாணம், வண்டி வெண்ணெயாட்டம் போகுது, ஆயிலை மட்டும் மாத்து'ங்கறாரு. அப்படிச் சொல்றவருகிட்ட போயி எப்படிங்க... பெரிய மனுசன், மனசு நொந்துபோயிருச்சுன்னா? நானும் என்னால முடிஞ்சதைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கனுங்க. ஒவ்வொரு தடவையும் காத்து கரெக்டா புடிச்சு, கும்புட்டு அனுப்பிச்சு வுடுவனுங்க."

மரியாதையால் மனிதர்களைக் கொல்ல முடியும் என்று பிரத்யுஷா அதுவரை யோசித்ததில்லை. இந்த ஊரில் அது ஒரு காரின் வடிவத்தில், ஆறு வருஷமாக, வெள்ளிக்கிழமை தோறும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

மாசாணம் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் மரியாதையெல்லாம் வேலைக்குத்தான். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, அவளை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு அவர் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நாலு விரல் போன பிறகு, "இப்பத்தானுங்க அசையுது" என்றார். "ஒரு வெரலுக்கு மேல இருக்கவே படாதுங்க." டயரில் காற்று சரியாக இருந்தது, அவர் பிடித்ததாயிற்றே. சக்கர நட்டுகள் இறுக்கமாக இருந்தன. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் கட்டையை முட்டுக் கொடுத்தார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை. "பேரிங்கு நல்லா இருக்குதுங்க." இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்றது.

"அண்ணா, நீங்க ஆட்டுங்க. நான் தொட்டுப் பாக்கறேன்" என்று பிரத்யுஷா சாக்கை விரித்து அடியில் படுத்தாள். சக்கரத்தையும் உள்ளிருந்து வரும் கம்பியையும் சேர்க்கிற முனையில் கையை வைத்தாள். டை ராடு எண்டு என்றார் மாசாணம். கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. அவளுக்குப் பெயர்தான் புதிது, சாமான் தெரிந்ததுதான். இடுப்பு மூட்டு. அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, புழுதி குடியேறியிருந்தது. அவர் ஆட்ட ஆட்ட, உருண்டை கிண்ணத்துக்குள் துள்ளுவது விரலுக்குத் தெரிந்தது. நோயாளியென்றால் இந்நேரம் கத்தியிருப்பார். "இதுதாங்ணா" என்றாள். மறுபக்கம் இதைவிட மோசம்.

கழற்றும்போது மாசாணம் சுற்றுகளை எண்ணச் சொன்னார். பதினேழு. புதியதையும் அதே பதினேழு சுற்று ஏற்றினால்தான் சக்கரம் ஏறக்குறைய பழைய நேரிலேயே நிற்குமாம். எண்ணி ஏற்றினாள். இரண்டு பக்கமும் மாற்றி, இறக்கி, மறுபடி ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு விரல். பாதி நோய் இன்னும் உள்ளே இருந்தது.

இந்த முறை அவள் பெடல்கள் பக்கம் தலையை விட்டுப் படுத்துக்கொண்டாள். மாசாணம் மேலே ஸ்டீயரிங்கை ஆட்டினார். மேலிருந்து இறங்கும் தண்டும் கீழே போகும் தண்டும் ஒரு சிறிய இணைப்பில் சந்தித்தன. மேல்பாதி திரும்பியது. கீழ்பாதி உத்தரவு வந்து சேர்ந்ததைக் கேட்டுக்கொண்டு, சற்று யோசித்து, வேறு வழியில்லை என்று உறுதியான பிறகு அசைந்தது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த அவள் ஏழு தடவை அலைந்திருக்கிறாள். இந்த வேகம் அவளுக்குப் பழக்கமானது. "அண்ணா, இங்க!" என்று கத்தி எழுந்ததில் டேஷ்போர்டில் தலை இடித்தது. அந்த இணைப்பையும் மாற்றினார்கள். அரை விரல். பிறகு சக்கரங்களின் நேர் பார்க்கும் கடைக்குப் போய் அலைன்மெண்ட் செய்துகொண்டு, எல் போர்டைக் கட்டி, மாசாணத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். முதல் இரண்டு தெரு கை பழைய ஞாபகத்தில் புடைக்கப் பார்த்தது. வண்டி ஒவ்வொரு புடைப்புக்கும் கீழ்ப்படிந்து துள்ளியது. மூன்றாவது தெருவில் கையைச் சும்மா வைத்தாள். வண்டியும் சும்மா நேராகப் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, டிரைவிங் ஸ்கூல் காரிலும் இதே புடைப்பில் விழுந்த கூம்புகள்மேல் கொஞ்சம் பரிதாபமும் வந்தது. மாசாணத்தின் உதடு இந்தத் தடவை அசையவில்லை.

இறங்கும்போது பழைய பாகங்களைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். "அண்ணா கேட்டாலும் கேட்பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

ஞாயிறு சாயங்காலம் வரை பிரத்யுஷா சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் வருவதற்கு முன் பாயசம் வந்துவிட்டது. அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக பங்காரம்மா தூக்குப்போசி நிறைய சேமியா பாயசம் செய்து, வழக்கம்போல் பின் சீட்டில் மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நைனா, ஒரு நிமிசம்" என்று பிரத்யுஷா வாசலுக்கு ஓடுவதற்குள் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

தாண்டிய பிறகு அது செய்ததை ஆவாரம்பாளையத்தின் அந்தத் தெரு வெகுநாள் பேசும். அப்பாவின் கைகள் இருபத்தொரு வருஷ விசுவாசத்தோடு இடம், வலம், இடம், வலம் என்று புடைத்தன. புதிய மூட்டுகள் ஒவ்வொன்றையும் மனதார நம்பிச் செய்தன. கார் இடதுபக்கச் சாக்கடைக் கல்லைப் போய்ப் பார்த்தது, வலதுபக்கம் செம்பருத்திச் செடியைப் போய்ப் பார்த்தது, திரும்ப இடதுக்கே வந்தது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்கள் எப்போதுமே அவர் வண்டியைக் கண்டால் அப்படித்தான் செய்வார்கள் என்பதையும் பிரத்யுஷா அன்றுதான் கவனித்தாள். மூன்றாவது வீட்டு தெய்வாத்தாள் அக்காவின் கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர், குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து, கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து மிகுந்த கரிசனத்தோடு கேட்டார்.

"ஏனுங்ணா, மத்தியானம் என்ன சாப்டீங்க?"

பின் கதவைத் திறந்து பங்காரம்மா இறங்கினாள். பாயசத்தில் பாதி போசியிலும் பாதி சேலையிலும் இருந்தது. முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

"வண்டியில ஏதோ கோளாறு" என்றார் பாலகோபால், முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து. "யாரு கை வெச்சது?"

பிரத்யுஷா எல்லாவற்றையும் சொன்னாள். மாசாணத்தின் பெயரை மட்டும் 'ஒரு மெக்கானிக்' என்று மாற்றினாள். அந்த வட்டாரத்தில் அவர்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதை அவள் பார்த்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டு தெலுங்கில் வருமா தமிழில் வருமா என்பதுதான் தெரியவில்லை.

"பழைய பார்ட்டு எங்க?" என்றார்.

தினத்தாள் பொட்டலத்தை வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். ஒரு துணியால் உருண்டையின் கழுத்தைத் துடைத்து, அசைத்து, அந்தக் கோடியில் ஓர் அளவு, இந்தக் கோடியில் ஓர் அளவு எடுத்தார். நம்பாமல் இன்னொரு முறை எடுத்தார். இன்னொரு பக்கத்து எண்டையும் எடுத்தார். இணைப்பைக் கையில் பிடித்து முறுக்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மூணு மில்லிமீட்டர்" என்றார் கடைசியில். "நான் அரைக்கால் மில்லிமீட்டருக்கு மொத்த லாட்டையும் தள்ளியிருக்கேன்."

உள்ளேயிருந்து பங்காரம்மா, "அதிரசத்தையும்" என்றாள்.

அவர் எழுந்து உள்ளே போனார். மேஜை இழுப்பறையைக் குடைகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நூல் கட்டிய ஒரு சிவப்பு அட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ கம்பெனியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பாகத்தில் அதைக் கட்டினார். தேதி எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் 'தேய்மானம்' என்று எழுதினார். 'ஆய்வாளர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பேனாவை அவளிடம் நீட்டினார். பிரத்யுஷா தன் பெயரை எழுதினாள். அவர் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து படித்துப் பார்த்து, "இனிஷியலு?" என்றார். போட்டுக் கொடுத்தாள்.

திங்களிலிருந்து புதன் வரை காலை ஐந்தரைக்கு அவளை சத்தி ரோட்டுக்குக் கூட்டிப்போனார். அறிவுரை சொல்லவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார். புதன்கிழமை திரும்பும்போது தான் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். சரவணம்பட்டிக்குள் மூன்று பால்காரர்களும் ஒரு நகரப் பேருந்தும் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓரங்கட்டி நிறுத்தினார். "கை கேக்க மாட்டேங்குது அம்மணி" என்றார், குழந்தையைப் பற்றிப் புகார் சொல்வதுபோல.

"தோளுக்கு எக்சர்சைஸ் குடுத்தமாதிரி இதுக்கும் குடுக்கலாம் நைனா. ஒரு மாசம் ஆகும்."

"தாராபுரத்துல இருந்துக்கிட்டு எப்படிக் குடுப்பே?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். பிரத்யுஷா அவர் பக்கம் திரும்பினாள். பாஸாகிவிடுவாள் என்று அந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஞாயித்துக்கெழம வந்து குடுக்கறேன்" என்றாள்.

வியாழக்கிழமை சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் இடதுபக்கம் ஏறினார். பங்காரம்மா வாசலில் நின்று யோசித்து, "நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டினாள். ஏறியது வழக்கம்போல் பின் சீட்டில்தான். மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் தயாராக நின்றது. ஆய்வாளர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து வேலியோரம் நின்ற உதவியாளரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். சீட் பெல்ட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரு கை டேஷ்போர்டுக்குப் போயிற்று.

"சாப்டுட்டீங்களா அம்மணி?"

"இட்லிங்க" என்றாள். "சட்னிங்க."

"செரிங்க. எடுங்க."

எடுத்தாள். முதல் கூம்பு வந்தது, போனது. இரண்டாவது. மூன்றாவது தாண்டும்போது டேஷ்போர்டிலிருந்த கை அவர் மடிக்குத் திரும்பியது. ஐந்தாவதில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். வாழ்நாளில் இவ்வளவு அழகான கொட்டாவியை பிரத்யுஷா பார்த்ததில்லை. இனி அதே வழியே பின்னால் வர வேண்டும். ரிவர்ஸ் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள், தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். சட்டைப் பையில் வெர்னியர் பளபளத்தது. அவருடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்து, காற்றில் இல்லாத ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்து, இடம், வலம், இடம், வலம் என்று புடைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் அம்மா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரத்யுஷா தன் கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு, அவர்களை நோக்கி நேராகப் பின்னால் வரத் தொடங்கினாள்.